குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்: மூடித் திறந்தால் வைஃபை காணவில்லை (பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம்)

பொருநைக்கரை | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பரண்களில் கிடந்த லேப்டாப்கள் சிலவற்றைத் தூசி தட்டி எடுத்து, பழைய மெஷின்களுக்காக கூகுள் தரும் ஓஎஸ்ஸான குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்காமார் வாங்கியவை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி ரேமுக்குப் பதில் 4 ஜிபி. முன்பு விண்டோஸ் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். இப்போது பட்டனை அமுக்கியதும் வந்து நிற்கிறது. வீடியோ பாடம், கூகுள் டாக்ஸ், கூகுள் ஃபார்மில் தேர்வு எல்லாம் நன்றாக ஓடுகிறது.

சிக்கல்கள் இவை:

மூடியை மூடிவிட்டு இடைவேளைக்குப் பிறகு திறந்தால் வைஃபை போய்விடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் வரும். எல்லா மெஷினிலும் இல்லை, ஒரே மாடலில் மட்டும்.

என்னிடம் இருக்கும் பழைய யுஎஸ்பி லேசர் பிரிண்டரைச் செருகினால் கண்டுகொள்ளவே இல்லை.

பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ கிறுக்கியதுபோல் தெரிகிறது.

இதையெல்லாம் சரிசெய்ய வழி உண்டா, அல்லது வேறு ஓஎஸ் பக்கம் போய்விடலாமா?

---

மதர்போர்டு முனி | சனி, இரவு 10.02

டீச்சர், மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தனித்தனியாகப் பார்ப்போம், முதலில் வைஃபை.

வைஃபை போன நேரத்தில் வலது கீழ் மூலையில் மணி காட்டும் இடத்தைத் தட்டுங்கள். அங்கே வைஃபை என்ற கட்டம் இருந்து, உள்ளே நெட்வொர்க் பட்டியல் மட்டும் காலியாக இருக்கிறதா? அல்லது அந்தக் கட்டமே இல்லையா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டம் இருந்தால் ரவுட்டர், பாஸ்வேர்டு, சிக்னல் பக்கம் தேடலாம். கட்டமே இல்லையென்றால் வைஃபை கார்டு என்று ஒன்று இருப்பதே ஓஎஸ்ஸுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டுப் பாருங்கள். அதில் நெட் வந்தால் மற்றதெல்லாம் நலம், கார்டு ஒன்றுதான் குற்றவாளி.

கணக்கு இல்லாமல் நுழையும் கெஸ்ட் மோடிலும் ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். அங்கேயும் இதே கதை என்றால் கணக்கு, எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகப்பட வேண்டாம். நிறையப் பேர் இதைச் செய்யாமல் நேராக பவர்வாஷ் (எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்குவது) அடித்துவிட்டு, அதே சிக்கலோடு திரும்பி வருவார்கள்.

---

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7.35

பார்த்துவிட்டேன். கட்டமே காணாமல் போகிறது. கெஸ்ட் மோடிலும் அப்படித்தான். போன் கேபிளில் நெட் உடனே வந்துவிட்டது.

---

மதர்போர்டு முனி | ஞாயிறு, காலை 11.20

அப்படியென்றால் ஆள் பிடிபட்டாச்சு.

மூடியை மூடினால் மெஷின் ஸ்லீப்புக்குப் போகிறது. ரேமுக்கு மட்டும் கரண்ட், மற்ற எல்லாம் நிறுத்தம். திறக்கும்போது டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி எழுப்ப வேண்டும். சில பழைய வைஃபை கார்டுகள் இந்தக் கட்டத்தில் எழ மறுக்கும். குரோம் ஓஎஸ்ஸோடு குரோம்புக் என்று விற்கும் மெஷினில் கார்டு, பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்), ஓஎஸ் மூன்றையும் சேர்த்து வைத்துச் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஃபிளெக்ஸ் நம் வீட்டில் என்ன பெட்டி இருக்கிறதோ அதில் உட்கார வேண்டியது. அதனால்தான் கூகுள் மாடல் வாரியாகப் பட்டியல் போட்டு, இது சான்று பெற்றது, இதில் சின்னச் சிக்கல் வரலாம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் என்பதும் அதிலேயே இருக்கிறது. போடுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

உங்களுக்கு வழி இரண்டு.

காசில்லாத வழி: செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், மூடியை மூடினால் ஸ்லீப் என்பதை அணைத்துவிடுங்கள். ஸ்லீப்பே இல்லையென்றால் எழ மறுக்கும் பேச்சும் இல்லை. ஆனால் பிள்ளைகள் மூடிய கையோடு பையில் போட்டுவிட்டால் மெஷின் உள்ளேயே ஓடிக்கொண்டு சூடேறும். டியூஷன் மேசையை விட்டு நகராத மெஷின் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

காசு செலவாகும் வழி: கார்டை மாற்றுவது. அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் ஹாஃப் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்தான். அதற்கு இன்டெல் 7260 கார்டு நன்றாக ஒத்துப்போகும். சென்னை ரிச்சி தெருவில் பழைய மெஷின்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். வாங்கும்போது ஸ்டிக்கரில் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். எச்எம்டபிள்யூ என்றால் உங்களுக்கு ஆகும். என்ஜிடபிள்யூ என்றால் அது எம்.2 வகை, உங்கள் ஸ்லாட்டில் உட்காராது, ஆன்டெனா முனையும் சின்னது. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்பார். ஒன்றில்லை.

மாற்றும்போது: பேட்டரியைக் கழற்றிவிட்டு பின்மூடியைத் திறங்கள். கார்டின் மேல் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய ஒயர் செருகியிருக்கும். எது எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல், நகத்தை அடியில் கொடுத்து நேராக மேலே தூக்க வேண்டும். புதுக் கார்டில் முனையின் மேல் ஒயரை நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். உட்காராமல் வழுக்கினால் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், பலம் கொடுக்காதீர்கள். முனை நசுங்கினால் கார்டு போச்சு.

சில கம்பெனி பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகாமல் நின்றுவிடும். அதனால் ஒரே ஒரு கார்டு வாங்கி ஒரு மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

---

கட்டற்ற கந்தன் | ஞாயிறு, மதியம் 2.48

இவ்வளவு பாடு எதற்கு? இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட்டின் இலகு வகை, எக்ஸ்எஃப்சிஇ போட்டால் 4 ஜிபியில் தாராளமாக ஓடும். குரோம் ஓஎஸ்ஸும் அடியில் லினக்ஸ்தான், ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் வழி வந்தது. அதன் மேல் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

ஃபிளெக்ஸின் சரித்திரத்தையும் பாருங்கள். நெவர்வேர் என்ற சிறிய நிறுவனம் கிளவுட்ரெடி என்று இதே மாதிரி ஓஎஸ் வைத்திருந்தது. 2020 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது. 2022 ஜூலையில் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் முழுமையாக வெளிவந்தது. 2025இல் குரோம் ஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் ஒன்றாக்கப் போகிறோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நம் பிள்ளைகளின் மெஷின் ஒரு கம்பெனியின் மனமாற்றத்தை நம்பி இருக்க வேண்டுமா?

ஃபிளெக்ஸில் பிளே ஸ்டோர் கிடையாது, ஆண்ட்ராய்டு ஆப் ஓடாது. விண்டோஸோடு பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது, இன்ஸ்டால் கொடுத்தால் டிஸ்க் முழுக்கத் துடைத்துவிடும். நெட் போனால் பாதி வேலை நின்றுவிடும். கூகுள் கணக்கு இல்லாமல் கெஸ்ட் மோடைத் தாண்ட முடியாது. அரசு மெஷின்களிலேயே பாஸ் லினக்ஸ் வந்தது, நம் ஆட்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அது வேறு வருத்தம்.

---

பொருநைக்கரை | ஞாயிறு, மாலை 6.15

கந்தன் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் மெஷின்களைப் பராமரிக்க நான் ஒருத்திதான். மின்ட் போட்ட மெஷின் ஒன்றும் இங்கே இருந்தது. ஒரு பையன் அப்டேட் நடுவே பவரைப் பிடுங்கிவிட்டான், அதைச் சரிக்கட்ட என் ஞாயிற்றுக்கிழமை போனது. இந்த மெஷின்களில் பேட்டரி எல்லாம் செத்தாச்சு, கரண்ட் போனால் அந்த நொடியே அணையும். டாக்ஸில் எழுதிக்கொண்டிருந்தது அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் மறுபடி உள்ளே வந்து விட்ட இடத்தில் தொடர்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

நெட் இல்லாத நேரத்துக்கு டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன். நெட் போன பிறகு போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

---

மதர்போர்டு முனி | ஞாயிறு, இரவு 8.40

டீச்சர் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரோம் ஓஎஸ்ஸில் சிஸ்டம் பகுதி இரட்டையாக இருக்கும். ஓடுவது ஒன்று, அப்டேட் இறங்குவது இன்னொன்றில். ரீஸ்டார்ட் செய்யும்போது புதியதற்குத் தாவும். அது சரியாக எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். நடுவில் கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்த பகுதியில் கை வைக்கப்படவே இல்லை. 4 ஜிபியில் சமாளிப்பதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. ரேம் நிரம்பினால் ஒரு பகுதியைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும், பார்க்காத டேபைக் கைவிடும். கந்தன் சொல்லும் மின்டிலும் இந்தச் சுருக்கும் வேலையைச் செய்யலாம், ஆனால் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

தெரிந்தவருக்கு லினக்ஸ் நல்லது, சந்தேகமில்லை. தெரியாதவர் பத்துப் பேர் மாறி மாறித் தொடும் மெஷினுக்கு நான் ஃபிளெக்ஸ்தான் போடுவேன். அதுவும் வேலை முழுக்க பிரவுசரில் முடிகிறது என்றால் மட்டும்.

---

யாழ் வடலி | திங்கள், காலை 6.50

இதே இழையில் கேட்கலாமோ தெரியேல்லை. லண்டனிலிருந்து மச்சான் ஒரு பாவித்த குரோம்புக் கொண்டுவந்து தந்தவர். ஃபிளெக்ஸ் இல்லை, உண்மையான குரோம்புக். போட்டவுடனே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைக் காட்டி, அவையின் மின்னஞ்சலால்தான் உள்ளே போகலாம் எண்டு நிற்குது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் அழுத்தி பவர்வாஷ் செய்தாச்சு. எஸ்கேப், ரிஃப்ரெஷ், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி யுஎஸ்பியில் ரிக்கவரியும் செய்தாச்சு. திரும்பவும் அதே பள்ளிக்கூடம்தான் வருகுது.

---

மதர்போர்டு முனி | திங்கள், காலை 9.05

வடலி அண்ணை, நீங்கள் செய்தது எல்லாம் சரி. ஆனால் பூட்டு மெஷினுக்குள் இல்லை. அந்த மெஷினின் சீரியல் எண் அந்தப் பள்ளியின் பெயரில் கூகுள் சர்வரில் பதிவாகி இருக்கிறது. எத்தனை தடவை துடைத்தாலும், முதல் தடவை நெட்டில் சேர்ந்ததும் 'நீ அந்தப் பள்ளிக்காரன்' என்று திரும்ப இழுத்துவிடும். பள்ளியின் நிர்வாகி தன் பட்டியலிலிருந்து விடுவித்தால் மட்டுமே கழலும். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது பள்ளிக்கு சீரியல் எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். ஏலத்தில் கழித்துவிட்டதாக இருந்தால் பெரும்பாலும் விடுவித்துவிடுவார்கள். வேறு மாதிரி வெளியே வந்த மெஷின் என்றால், அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே. வீடியோக்களில் காட்டும் குறுக்குவழிகளை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

அடுத்து யாராவது பாவித்த குரோம்புக் வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, லாகின் திரையில் நிறுவனத்தின் பெயர் வருகிறதா. இரண்டு, செட்டிங்ஸில் குரோம் ஓஎஸ் பற்றிய பகுதிக்குள், கூடுதல் விவரம் என்ற இடத்தில், எந்த மாதம் வரை அப்டேட் என்று எழுதியிருக்கும். 2023 செப்டம்பரில் இந்தக் காலத்தைப் பத்து ஆண்டு என்று நீட்டினார்கள். அந்தப் பத்து ஆண்டு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து ஓடாது, அந்த ரக மெஷின் முதலில் வந்த தேதியிலிருந்து ஓடும். கடையில் பெட்டி பிரிக்காமல் இருப்பதிலும் சில ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்திருக்கலாம்.

---

யாழ் வடலி | திங்கள், காலை 9.40

நன்றி அண்ணை. மச்சானுக்குச் சொல்லிட்டன். அவர் விற்ற ஆளைத் தேடிப் போறார்.

---

தமிழ்99 பித்தன் | திங்கள், மாலை 5.30

டீச்சரின் பாமினிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

குரோம் ஓஎஸ்ஸில் விண்டோஸ் மாதிரி எழுத்துருக் கோப்பைத் தட்டி நிறுவ முடியாது. பாமினி, வானவில் காலத்துக் கோப்புகள் உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான் சேமித்து வைத்திருக்கின்றன. அந்த எழுத்துரு இருந்தால் மட்டும் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். இல்லாத மெஷினில் மூல வடிவம் வெளியே வந்துவிடுகிறது, கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்தை அப்படியே நகலெடுத்து, பிரவுசரிலேயே இயங்கும் பாமினி–யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டினால் தமிழாகிவிடும். கொம்பு, துணைக்கால் வரும் இடங்களையும், நடுவே ஆங்கிலச் சொல் வரும் இடங்களையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கும். கணக்கு வினாத்தாள் என்றால் குறியீடுகள் கட்டாயம் சொதப்பும்.

ஃபிளெக்ஸிலேயே இருக்கும் லினக்ஸ் சூழலை இயக்கி, அதற்குள் லிப்ரே ஆஃபிஸும் பாமினியும் போடும் வழியும் இருக்கிறது. ஆனால் அது டெபியன் என்ற முழு லினக்ஸைத் தனி அறையில் ஓட்டுவதற்குச் சமம். பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் இருக்க வேண்டும், 4 ஜிபியில் மூச்சு முட்டும். பிள்ளைகள் மெஷினில் அதைச் செய்ய மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே தடவையாக யூனிகோடுக்கு மாற்றிவிட்டு பாமினிக்கு விடைகொடுப்பதே மேல்.

தட்டச்சுக்குக் கவலையில்லை. சாதனம் பகுதியில், உள்ளீட்டு முறைகளில் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாம் இருக்கின்றன. கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் முந்தைய விசைப்பலகைக்கு மாறும். பிள்ளைகளுக்குத் தமிழ்99 பழக்குங்கள். (ஆமாம், எங்கே போனாலும் இதைத்தான் சொல்வேன்.)

---

பேரேடு | திங்கள், இரவு 9.15

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் ஆபீஸிலும் பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. டாலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தாக்கல், டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி) இதெல்லாம் ஃபிளெக்ஸில் நடக்குமா?

---

மதர்போர்டு முனி | திங்கள், இரவு 9.32

டாலி விண்டோஸ் மென்பொருள், இதில் நிறுவ முடியாது. டிஎஸ்சி டோக்கனுக்கு டிரைவரும் கையொப்பத்துக்கான சின்ன மென்பொருளும் மெஷினில் நிறுவ வேண்டும், அதற்கும் இங்கே வழியில்லை. ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து பார்க்கலாம், ஓடிபி மூலம் கையொப்பமிடுபவர் என்றால் தாக்கலும் செய்யலாம். டோக்கன் வைத்திருக்கும் ஆபீஸ் என்றால் ஃபிளெக்ஸ் பக்கம் வராதீர்கள். வரவேற்பு மேசைக்கு, மின்னஞ்சல் பார்க்க என்றால் ஒரு மெஷினில் போடலாம்.

---

கட்டற்ற கந்தன் | திங்கள், இரவு 9.50

விண்டோஸ் மென்பொருளை ஓட்டவைக்கும் வைன் வைத்து டாலியை லினக்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன். ஆடிட் நேரத்தில் மக்கர் செய்தால் என்னைத்தான் திட்டுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

---

மதர்போர்டு முனி | செவ்வாய், காலை 10.10

டீச்சரின் பிரிண்டர் பாக்கி இருக்கிறது. பழைய லேசர்களில் ஒரு வகை, பக்கத்தைத் தயாரிக்கும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரிலிருக்கும் டிரைவரிடம் விட்டுவிடும். தனக்கென்று அறிவு கிடையாது. அந்தக் கம்பெனியின் விண்டோஸ் டிரைவர் இல்லாமல் அது வெறும் பெட்டி. போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்ற அச்சு மொழி தெரிந்த பிரிண்டர் என்றால், செட்டிங்ஸில் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் கம்பெனி, மாடல் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அந்த மாடலே இல்லாவிட்டால், பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் கொடுத்து ஒரு பக்கம் சோதிக்கலாம். முன்பு விண்டோஸ் மெஷின் வழியாக அடிக்க கூகுள் கிளவுட் பிரின்ட் இருந்தது, 2020 கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்குச் சுலபம், பிடிஎஃப் ஆக கூகுள் டிரைவில் போட்டு, பிரிண்டர் இருக்கும் விண்டோஸ் மெஷினில் திறந்து அடிப்பது. புதிதாக வாங்கினால் வைஃபை உள்ள, ஏர்பிரின்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று போட்டிருக்கும் பிரிண்டராகப் பாருங்கள். டிரைவர் பேச்சே இருக்காது.

---

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. கார்டு திருநெல்வேலியிலேயே கிடைத்தது, எச்எம்டபிள்யூ பார்த்துத்தான் வாங்கினேன். ஒயர் 'டிக்' என்று உட்காரும்வரை உயிர் கையில் இல்லை. பயாஸ் முரண்டு பிடிக்கவில்லை. மூடித் திறந்தால் வைஃபை அப்படியே இருக்கிறது. அதே மாடல் மற்ற மெஷின்களில் இப்போதைக்கு ஸ்லீப்பை அணைத்துவிட்டேன், அவை மேசையிலேயே இருப்பவை. வினாத்தாள்களை மாற்றும் வேலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். பித்தன் சொன்னபடியே கணக்குத் தாள்தான் படுத்துகிறது. பிரிண்டருக்கு பிடிஎஃப் வழிதான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஃபிளெக்ஸ் போட எடுத்த இரண்டு 16 ஜிபி பென் டிரைவ்களில் எதை இப்போது விண்டோஸில் செருகினாலும் ஏதேதோ சின்னச் சின்ன டிரைவாகக் காட்டி, ஒவ்வொன்றையும் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. டிரைவ் போய்விட்டதா?

---

மதர்போர்டு முனி | வெள்ளி, இரவு 8.22

போகவில்லை. உள்ளே நிறைய பார்ட்டிஷன் போட்டு வைத்திருக்கிறது, விண்டோஸுக்கு அது புரியவில்லை. விண்டோஸ் கேட்பதற்கெல்லாம் கேன்சல் கொடுங்கள். எந்த குரோம்புக் ரிக்கவரி எக்ஸ்டென்ஷனில் அதைத் தயாரித்தீர்களோ, அதையே திறந்து மேலே பல்சக்கரத்தைத் தட்டினால் ரிக்கவரி டிரைவை அழிக்கும் வசதி இருக்கும். அதைக் கொடுத்து, முடிந்ததும் விண்டோஸில் ஒரு ஃபார்மேட் போட்டால் 16 ஜிபியும் திரும்பிவிடும். ஆனால் ஒன்றை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ் மெஷினில் குரோம்புக் மாதிரி ரிக்கவரி விசைகள் வேலை செய்யாது, ஏதாவது ஆனால் இந்த டிரைவிலிருந்துதான் திரும்பப் போட வேண்டும்.

---

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 8.30

சரி, ஒன்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி பீரோவில் வைத்துவிட்டேன். மற்றதை அழித்துவிட்டேன், 16 ஜிபியும் வந்துவிட்டது.